7. அடித்த வரியும் கூட்டலில் உண்டு

2018 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தேதியைக் குறித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-4 (வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் விதிகளின் நான்காம் படி) வண்டி எதையும் நாட்டில் விற்கவோ பதிவு செய்யவோ கூடாது. பி.எஸ்.-5 என்ற படியை அரசு ஏற்கெனவே தாண்டிவிட்டிருந்தது. அடுத்தது நேராக பி.எஸ்.-6. இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வண்டி செய்கிற தொழிற்சாலைகளும், வல்லம் வடகாலிலிருந்து மாம்பாக்கம் வரை அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கிற வெண்டார் கம்பெனிகளும் அந்தத் தேதிக்குள் மாறியாக வேண்டும். சைலன்ஸர், சென்சார், வயரிங், அவற்றைப் பிடித்து நிற்கும் பிராக்கெட், கிளிப் என்று பாக எண்கள் மாறின.

இப்படிப்பட்ட மாற்றம் சட்டமாக வந்தாலும், டிசைன் திருத்தமாக வந்தாலும், ஒரு சிறு வெண்டார் கம்பெனிக்குள் அது வந்து சேரும் இடம் பெரும்பாலும் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் ஓர் எக்செல் ஷீட்தான். பழைய பாக எண்ணின் வரியை என்ன செய்வது? அப்படியே விட்டால் யாராவது லோடு ஏற்றிவிடுவார்கள். டெலீட் செய்தால் அடுத்த மாதம் பழைய பாகம் ஒன்று ரிஜெக்ஷனாகித் திரும்பி வரும்போது அதற்கான சுவடே ஷீட்டில் இருக்காது. எனவே எழுத்தின் நடுவே ஒரு கோடு இழுக்கிறோம். ஸ்ட்ரைக்த்ரூ என்று எக்செல் சொல்லும் அந்தக் கோட்டைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இந்தக் கோட்டின் பழைய ஒழுங்கு தெரியும். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால், எழுதிக் கொடுப்பவர் அந்த இடத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ இட்டு உறுதிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பதிவாளர் அந்தப் பத்திரத்தை ஏற்க மறுக்கலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அது. தரக் கட்டுப்பாட்டுப் பதிவேடுகளிலும் இதே பழக்கம்தான் நல்ல பழக்கம்: ஒயிட்னர் பூசக் கூடாது, ஒற்றைக் கோடு போட வேண்டும், பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் வேண்டும். காகிதத்தில் கோடு, ஆள், தேதி மூன்றும் சேர்ந்தே வரும். எக்செலில் கோடு மட்டும் தனியாக வருகிறது. இந்த அத்தியாயத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஒரு குறிப்பு. நெடுவரிசைகளின் எழுத்துகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் மெனுச் சொற்களையும் இந்நூலில் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தாகவே தட்டுங்கள்.

கோடு போடும் வழி

விண்டோஸ் எக்செலில் செல்லைத் தேர்ந்துகொண்டு கன்ட்ரோல் விசையுடன் 5-ஐ அழுத்துங்கள். எழுத்துகளுக்கு மேலே உள்ள எண்வரிசையின் 5-ஐப் பயன்படுத்துங்கள். கோடு விழும், மறுபடி அதையே அழுத்தினால் போய்விடும். மேக் கணினியில் கமாண்ட், ஷிப்ட், எக்ஸ் மூன்றும் சேர்த்து.

விசை நினைவில் இல்லாதவர்கள் ஹோம் பட்டையில் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்துப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் இதைத் தேடுவார்கள். கணினியில் நிறுவும் எக்செல் பதிப்புகள் பலவற்றில் அங்கே இந்தப் பொத்தான் இருக்காது. கன்ட்ரோலுடன் 1-ஐ அழுத்தினால் ஃபார்மட் செல்ஸ் பெட்டி திறக்கும். ஃபான்ட் தாவலில் எஃபெக்ட்ஸ் என்பதன் கீழே ஸ்ட்ரைக்த்ரூ கட்டம் இருக்கும். தினமும் பல முறை வேண்டியிருக்கிறது என்றால், மேல் ஓரத்தில் உள்ள குயிக் அக்சஸ் பட்டையில் அதைச் சேர்த்துவிடலாம்: மோர் கமாண்ட்ஸ், அதில் கமாண்ட்ஸ் நாட் இன் த ரிப்பன், அதில் ஸ்ட்ரைக்த்ரூ. பிரவுசரில் திறக்கும் எக்செலில் பொத்தான் ஹோம் பட்டையிலேயே இருக்கிறது.

கூகுள் ஷீட்ஸில் ஆல்ட், ஷிப்ட், 5. லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஃபார்மட் மெனு, டெக்ஸ்ட், ஸ்ட்ரைக்த்ரூ. கால்க்கில் ஒற்றைக் கோடு தவிர இரட்டைக் கோடு, தடித்த கோடு, குறுக்குச் சாய்கோடு எல்லாம் உண்டு. அவற்றுக்கு ஆளுக்கொரு பொருள் கொடுத்துப் பயன்படுத்த ஆசை வரும். வேண்டாம். அந்த ஃபைலை வாடிக்கையாளர் எக்செலில் திறந்தால் அந்த வித்தியாசம் நிலைக்கும் என்று நம்ப முடியாது.

இடது ஓரத்து வரி எண்ணைக் கிளிக் செய்து முழு வரியையும் அடிப்பது பலருடைய பழக்கம். அதில் 16,384 செல்களுக்கும் கோடு ஏறிவிடும். பின்னால் வலப்பக்கம் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து ஏதாவது எழுதினால், எழுதும்போதே அது அடிபட்டு நிற்கும். எழுத்து இருக்கிற செல்களை மட்டும் தேர்ந்து அடியுங்கள்.

அதேபோல, டெலீட் விசை செல்லில் உள்ள எழுத்தைத்தான் நீக்கும், கோட்டை நீக்காது. அடித்த செல்லைக் காலி செய்து அதே இடத்தில் புதுப் பாக எண்ணை எழுதினால், நடப்பில் உள்ள பாகம் கோட்டோடு பிறக்கும். இன்னொன்று: எக்செல் ஆப்ஷன்ஸில், மேலே உள்ள ஐந்து வரிகளில் மூன்றுக்கு ஒரு வடிவமைப்பு இருந்தால் கீழே எழுதும் புதிய வரிக்கும் அதைத் தானாக நீட்டுகிற அமைப்பு ஒன்று இருக்கிறது, சாதாரணமாக அது இயக்கத்திலேயே இருக்கும். ஷீட்டின் கடைசி வரிகள் அடிபட்டவையாக இருந்தால், அடுத்து வரும் நல்ல வரிமீதும் கோடு ஏறலாம். புதிய வரி எழுதியதும் ஒரு தரம் பாருங்கள்.

செல்லில் பாதியை மட்டும் அடிப்பது

ரிமார்க்ஸ் எழுதும் இடத்தில் இது பயன்படும். "10 மி.மீ. போல்ட்" என்பதில் 10-ஐ மட்டும் அடித்து 12 என்று எழுத வேண்டும் என்றால், செல்லுக்குப் போய் எஃப்2 விசை, ஷிப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியால் அந்த எழுத்தை மட்டும் தேர்ந்து, கன்ட்ரோல் 5, என்டர். கையால் எழுதிய எழுத்துச் செல்லில் மட்டுமே இது நடக்கும். வெறும் எண் உள்ள செல்லிலோ ஃபார்முலாவின் விடையிலோ பாதியை அடிக்க முடியாது.

இதனால் வரும் ஒரு தவறு எண்ணிக்கை நெடுவரிசையில் அடிக்கடி நடக்கிறது. 250 என்பது 400 ஆக மாறியிருக்கும். காகிதத்தில் செய்வதைப் போலவே ஒரே செல்லில் "250 400" என்று எழுதி 250-ஐ மட்டும் அடித்துவிடுவார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த செல் இப்போது எண் இல்லை, எழுத்து. சம் ஃபார்முலா அதை அப்படியே தாண்டிப் போய்விடும்: 250-உம் சேராது, 400-உம் சேராது. எண்ணிக்கை இருக்கும் செல்லில் ஒரே ஓர் எண்தான் இருக்க வேண்டும். பழைய எண்ணைக் காட்ட வேண்டும் என்றால் "முந்தைய எண்ணிக்கை" என்று தனி நெடுவரிசை வையுங்கள்.

எக்செல் கோட்டைப் படிக்காது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

டெஸ்பாட்ச் ஷீட்டில் மூன்று வரிகள்: 400, 250, 350. கீழே கூட்டுத்தொகை 1,000. நடுவரி ரத்தாகிறது, அடித்துவிடுகிறீர்கள். கூட்டுத்தொகை இப்போது என்ன? 1,000-தான். கோடு என்பது எழுத்தின் நிறத்தைப் போல ஒரு தோற்றம். சம், கவுன்ட்இஃப், பிவட் டேபிள் எதற்கும் அது தெரியாது. விலுக்கப் செய்தால் அடித்த வரியில் உள்ள விலையும் இருப்பும் கோடில்லாமல் அடுத்த ஷீட்டில் போய் உட்காரும். ஃபில்டரில் நிறத்தை வைத்துப் பிரிக்கலாம்; கோட்டை வைத்துப் பிரிக்க வழியில்லை. சி.எஸ்.வி. ஃபைலாகச் சேமித்து வாடிக்கையாளரின் போர்ட்டலில் ஏற்றினால், அடித்த வரியும் அடிக்காத வரியும் அங்கே ஒன்றுதான்.

கோட்டைப் பார்க்கிற மனிதருக்கும் அது ஒரே பொருளைத் தருவதில்லை. சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் ஏதாவதொரு வெண்டார் கம்பெனியில் பி ஷிப்ட் முடிந்து சி ஷிப்ட் ஏறும் நேரத்தில் ஸ்டோர்ஸ் வாசலில் நின்றால், இப்படி ஒரு கேள்வி காதில் விழும்: "அண்ணே, இந்த லைன் அடிச்சிருக்கே, போயிடுச்சா, கேன்சலா?" லோடு ஏற்றுபவர் கேட்பது முழுக்க நியாயம். முடிந்த வேலையை அடிப்பது ஒருவர் பழக்கம். ரத்தான வேலையை அடிப்பது இன்னொருவர் பழக்கம். வாடிக்கையாளர் சற்றுப் பொறு என்று சொன்னதையும் அடித்து வைப்பவர்கள் உண்டு. ஒரே ஷீட்டில் மூன்றும் கலந்துவிட்டால், கோட்டைப் பார்த்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. கேட்க ஆள் இல்லாத இரவு ஷிப்டில் ஊகித்துத்தான் ஏற்றுவார்கள். பாகம் போகாவிட்டால் எதிர்ப்பக்கம் அசெம்பிளி லைன் நிற்கும். தவறான பாகம் போனால் வண்டியே திரும்பி வரும். அந்தப் பழி கடைசியில் லோடு ஏற்றியவர் தலையில் விழுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவருக்குக் கொடுத்த ஷீட் எதையும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

ஆகவே, உங்கள் ஷீட்டில் கோட்டுக்கு ஒரே பொருள் வையுங்கள். என் பரிந்துரை: ரத்து அல்லது நீக்கம் மட்டும். முடிந்ததற்குப் பச்சை நிறம், ஹோல்டுக்கு மஞ்சள்.

நிலை என்றொரு நெடுவரிசை

கோட்டைக் கையால் போடாமல், ஒரு சொல்லைப் பார்த்து எக்செலே போடும்படி செய்வதுதான் சரியான வழி. ஷீட்டின் அமைப்பு இப்படி இருக்கட்டும்: ஏ பாக எண், பி பாகத்தின் பெயர், சி வாடிக்கையாளர், டி எண்ணிக்கை, ஈ அனுப்ப வேண்டிய தேதி, எஃப் நிலை, ஜி மாற்றியவரும் தேதியும், எச் காரணம். முதல் வரி தலைப்புக்கு.

எஃப் நெடுவரிசையில் ஆளுக்கொரு விதமாக எழுத விடாதீர்கள். "நீக்கம்", "நீக்கியது", "கேன்சல்" என்று மூன்று விதமாக வந்தால் எக்செலுக்கு அவை மூன்று வெவ்வேறு சொற்கள். எஃப்2 முதல் எஃப்500 வரை தேர்ந்து, டேட்டா பட்டையில் டேட்டா வேலிடேஷன், அதில் லிஸ்ட், அதன் சோர்ஸில் நடப்பு, ஹோல்டு, முடிந்தது, நீக்கம் என்று காற்புள்ளியிட்டு எழுதிவிடுங்கள். அதன் பிறகு கீழிறங்கும் பட்டியலிலிருந்துதான் தேர்வு செய்ய முடியும்.

இப்போது கோடு. ஏ2 செல்லில் தொடங்கி எச்500 வரை தேர்ந்துகொள்ளுங்கள். ஹோம் பட்டையில் கண்டிஷனல் ஃபார்மட்டிங், நியூ ரூல், அதில் யூஸ் எ ஃபார்முலா என்று தொடங்கும் கடைசி வகை. ஃபார்முலா கட்டத்தில் இதை எழுதுங்கள்:

=$எஃப்2="நீக்கம்"

ஃபார்மட் பொத்தானை அழுத்தி, ஃபான்ட் தாவலில் ஸ்ட்ரைக்த்ரூவைத் தேர்ந்து ஓகே கொடுங்கள். டாலர் குறியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் வரியின் எல்லா செல்களும் எஃப் நெடுவரிசையையே பார்க்கும். இல்லாவிட்டால் பி செல் ஜி-யைப் பார்க்கும், சி செல் எச்-ஐப் பார்க்கும். தேர்வு எந்த வரியில் தொடங்குகிறதோ அந்த வரி எண்ணே ஃபார்முலாவிலும் இருக்க வேண்டும். கோடு ஒரு வரி தள்ளி விழுந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். கூகுள் ஷீட்ஸில் ஃபார்மட் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மட்டிங், கஸ்டம் ஃபார்முலா இஸ், அதே ஃபார்முலா, அதன் கீழே நடுவில் கோடு போட்ட எஸ் பொத்தான்.

இதே முறையில் முடிந்ததற்கும் ஹோல்டுக்கும் நிற விதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி யாரும் கோடு போடத் தேவையில்லை. நிலையை மாற்றினால் கோடு தானாக வரும், திரும்ப மாற்றினால் தானாகப் போகும்.

கூட்டுத்தொகைக்கு சம் வேண்டாம், சம்இஃப்ஸ்:

=சம்இஃப்ஸ்(டி2:டி500,எஃப்2:எஃப்500,"நடப்பு")

நீக்கம் அல்லாதவற்றைக் கூட்டு என்றும் எழுதலாம். நான் அதை விரும்புவதில்லை. ஹோல்டில் நிற்பதும் முடிந்துபோனதும் அனுப்ப வேண்டிய கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் நடப்பை மட்டும் கூட்டினால் நிலை எழுத மறந்த வரி விடுபடும். அதைப் பிடிக்க, பாக எண் இருந்தும் நிலை காலியாக உள்ள வரிகளை எண்ணி கூட்டுத்தொகைக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள்: கவுன்ட்இஃப்ஸில் ஏ நெடுவரிசைக்கு "<>" என்றும் எஃப் நெடுவரிசைக்கு வெறும் "" என்றும் கொடுத்தால் போதும். அந்த எண் பூஜ்யமாக இல்லாதவரை வண்டியை வெளியே அனுப்பாதீர்கள்.

ஜி, எச் நெடுவரிசைகளை எழுதச் சோம்பல் வரும். அவை எதற்கு என்பதற்கு பி.எஸ்.-4 கதையின் முடிவே சாட்சி. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. தேதி நெருங்க, டீலர்களிடம் விற்காத பி.எஸ்.-4 வண்டிகள் நின்றன. மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு சலுகை தந்தது: ஊரடங்கு முடிந்த பிறகு பத்து நாள்களுக்குள், டெல்லி வட்டாரம் தவிர்த்து, மிச்ச இருப்பில் பத்து சதவீதத்தை விற்றுக்கொள்ளலாம். ஜூலை 8 அன்று அந்த உத்தரவையே திரும்பப் பெற்றது. ஒரு டீலரின் இருப்பு ஷீட்டில் ஒரே வரி அடிபட்டு, கோடு நீங்கி, மறுபடி அடிபட்டிருக்கும். வெறும் கோடு மட்டும் இருந்தால் பிறகு அந்த ஷீட்டைத் திறப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "8.7.2020, நீதிமன்ற உத்தரவு வாபஸ்" என்று ஒரு செல் இருந்தால் முழுக் கதையும் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் 365-இல் பகிர்ந்த ஃபைலில் ரிவ்யூ பட்டையில் ஷோ சேஞ்சஸ் என்ற வசதி உண்டு. யார், எப்போது, எந்த செல்லில், எதை எதுவாக மாற்றினார் என்று காட்டும். ஆனால் அது செல்லின் மதிப்பையும் ஃபார்முலாவையும்தான் கண்காணிக்கிறது, வடிவமைப்பு மாற்றங்களை அல்ல. கையால் கோடு போட்டால் அங்கே தடயமே இருக்காது. நிலை நெடுவரிசையில் "நடப்பு" என்பது "நீக்கம்" ஆனால் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகும். கோட்டைச் சொல்லிலிருந்து வரவழைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஏற்கெனவே அடித்துக் கிடக்கும் ஷீட்

புது ஷீட்டுக்கு இதெல்லாம் சரி. சில வருடங்களாகப் பலர் கையால் அடித்து வைத்த ஷீட் உங்கள் பொறுப்புக்கு வந்தால்?

கன்ட்ரோல் எஃப். வரும் பெட்டியில் ஆப்ஷன்ஸ், பிறகு ஃபார்மட், ஃபான்ட் தாவலில் ஸ்ட்ரைக்த்ரூவைத் தேர்ந்து ஓகே. தேடும் சொல் கட்டத்தைக் காலியாகவே விட்டு ஃபைண்ட் ஆல். அடிபட்ட செல்கள் கீழே பட்டியலாக வரும். பட்டியலுக்குள் ஒரு கிளிக், பிறகு கன்ட்ரோல் ஏ, எல்லாம் தேர்வாகிவிடும். பெட்டியை மூடிவிட்டு, ஷீட்டில் வேறெங்கும் பயன்படாத ஒரு நிறத்தை நிரப்புங்கள். இப்போது ஃபில்டரில் அந்த நிறத்தை வைத்துப் பிரிக்கலாம். பிரித்துத் தெரியும் வரிகளின் எஃப் நெடுவரிசையில் நிலையை எழுதுங்கள். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு "நீக்கம்" என்று நிரப்பிவிடாதீர்கள். அவற்றில் பாதி முடிந்த வேலையாக இருக்கலாம். டெஸ்பாட்ச் பதிவேட்டையோ இன்வாய்ஸையோ வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதுதான் இதில் உண்மையான உழைப்பு. எத்தனை நேரம் ஆனாலும் அதைச் செய்யுங்கள்.

எழுதி முடித்ததும் பழைய கைக்கோடுகளை எடுத்துவிடுங்கள். விதி போடும் கோடு போதும். தேடல் பெட்டியில் ஃபார்மட் பொத்தானின் சிறு அம்பை அழுத்தி கிளியர் ஃபைண்ட் ஃபார்மட் கொடுக்கவும் மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் அடுத்து எதைத் தேடினாலும் அடிபட்ட செல்களுக்குள் மட்டுமே எக்செல் தேடும். கண்ணெதிரே இருக்கும் பாக எண்ணை இல்லை என்று சொல்லும்.

பாதி மட்டும் அடிபட்ட செல்களுக்கு இந்தத் தேடலை நம்ப வேண்டாம். அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மேக்ரோ தெரிந்தவர் இருந்தால், செல்லின் ஃபான்ட் ஸ்ட்ரைக்த்ரூ பண்பைப் படிக்கச் சொல்லுங்கள்: முழுதும் அடித்திருந்தால் ட்ரூ, அடிக்காவிட்டால் ஃபால்ஸ், கலந்திருந்தால் நல் என்று வரும். அதையே ஒரு ஃபங்ஷனாக எழுதி ஷீட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கோடு போடுவதை எக்செல் ஒரு கணக்கு மாற்றமாகக் கருதுவதில்லை. அதனால் அந்த ஃபங்ஷன் தானாகப் புதுப்பிக்காமல் பழைய விடையையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரு தரம் சுத்தம் செய்யப் பயன்படுத்துங்கள், தினசரிக் கணக்குக்கு வேண்டாம்.

வாட்ஸ்அப்பும் அச்சுத்தாளும்

ஷிப்ட் குழுக்களில் அன்றைய திட்டம் இப்போது வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. எக்செலில் நான்கு வரிகளைக் காப்பி செய்து அங்கே எழுத்தாக ஒட்டினால் கோடு வராது. நீக்கிய பாகம் உயிரோடு போய் நிற்கும். ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், அல்லது நிலை நெடுவரிசையையும் சேர்த்துக் காப்பி செய்யுங்கள். "நீக்கம்" என்ற சொல் எங்கே ஒட்டினாலும் கூடவே வரும். வாட்ஸ்அப்பிலேயே கோடு வேண்டுமானால் சொல்லின் இரு பக்கமும் ~ என்ற அலைக்குறியைப் போட வேண்டும். அதைத் திரும்ப எக்செலுக்குக் கொண்டுவரும்போது அலைக்குறியும் ஒட்டிக்கொண்டு வந்தால் அகற்றிவிடுங்கள். எக்செல் தேடலில் அலைக்குறிக்குத் தனிப் பொருள் உண்டு; பாக எண்ணில் அது இருந்தால் விலுக்கப் தடுமாறும். கோடு போட்ட எழுத்தை உருவாக்கித் தரும் இணையக் கருவிகள் இன்னும் மோசம். அவை ஒவ்வோர் எழுத்தோடும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறியீடு ஒன்றை ஒட்டிவிடுகின்றன. பார்க்க ஒரே பாக எண், கணினிக்கு வேறு எண்.

அச்சிட்டு லைனில் ஒட்டும் தாளில் வேறொரு பிரச்சினை. பாக எண்களில் நடுவே சிறு கோடுகள் வரும். அவையும் ஸ்ட்ரைக்த்ரூ கோடும் ஒரே உயரத்தில் ஓடுவதால், அடித்த எண்ணில் சிறு கோடு மறைந்துவிடும். சின்ன எழுத்தில் அச்சானால் 0-வின் நடுவே கோடு விழுந்து 8 போலத் தெரியும். பழைய எண் படிக்கும்படி இருப்பதற்காகத்தானே அழிக்காமல் அடிக்கிறோம்? லைனுக்குப் போகும் தாளில் நீக்கிய வரிகளை ஃபில்டரில் மறைத்து, நடப்பை மட்டும் அச்சிடுங்கள். நீக்கிய வரிகளைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் பாக எண் செல்லை மட்டும் கோடு விதியிலிருந்து விலக்கி, மற்ற செல்களை அடித்துக் காட்டுங்கள்.

ஆள் பட்டியல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷிப்ட் ரோஸ்டரும் பஸ் ரூட் பட்டியலும் இதே எக்செலில்தான் இருக்கின்றன. வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் என்று ஸ்டாப்பிங் வாரியாகப் பெயர்கள். டிரெயினிக் காலம் முடிந்தவர், கான்ட்ராக்ட் முடிந்தவர், தானாக நின்றவர் எல்லோருடைய பெயரும் சிவப்பு எழுத்தில், நடுவே கோட்டோடு, கேன்டீன் வாசல் நோட்டீஸ் பலகையில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று படிப்பவர்கள் அவரோடு ஹாஸ்டல் அறையில் இருந்தவர்கள், ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். போனவர் எதனால் போனார் என்று அந்தக் கோடு சொல்லாது; ஏதோ தப்பு செய்துவிட்டுப் போனார் என்று மட்டும் நினைக்க வைக்கும். பாக எண்ணை அடிப்பதைப் போல மனிதர் பெயரை அடிக்காதீர்கள். ரோஸ்டரில் நிலை நெடுவரிசை வையுங்கள், "பணியில் இல்லை" என்று எழுதுங்கள், அதற்குக் கோடு விதி எதுவும் வைக்காதீர்கள். பலகைக்குப் போகும் தாளில் பணியில் இருப்பவர்கள் பெயர் மட்டும் இருக்கட்டும்.

அடித்த வரியை எப்போது அகற்றுவது

ஷீட்டில் நீக்கிய வரிகள் பெருகிவிட்டால் நடப்பு வரிகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அப்போது மொத்தமாக டெலீட் செய்யக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள்.

இந்த வட்டாரத்தின் வரலாறே அதற்குக் காரணம் சொல்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கொண்டுவந்த சான்ட்ரோவை 2014 இறுதியில் நிறுத்தியது. பெயர் முடிந்துபோனது என்று நினைத்திருந்தபோது 2018 அக்டோபரில் அதே பெயரில் புதிய கார் வந்தது. 2022-இல் அதுவும் நின்றது. பழைய சான்ட்ரோவின் பாகமும் புதிய சான்ட்ரோவின் பாகமும் வேறு வேறு. நீக்கிய வரிகள் பாக எண்ணோடும் தேதியோடும் இருந்தால்தான் எது எந்த சான்ட்ரோவுக்கு என்று பிரிக்க முடியும். ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலையில் உருவான டாட்சன் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் நிசான் இந்தியாவில் டாட்சனை முடித்துக்கொண்டது. ஆனால் வாங்கியவர்களுக்கு சர்வீஸ், உதிரிப் பாகம், வாரன்டி தொடரும் என்று கூறியது. கார் உற்பத்தி ஷீட்டில் அந்தப் பாகம் நீக்கம். உதிரிப் பாக ஷீட்டில் அதே பாகம் நடப்பு.

வாகனத் துறையின் தர விதியான ஐ.ஏ.டி.எஃப். 16949-உம் இதைத்தான் கேட்கிறது. ஒரு பாகத்தின் ஒப்புதல் ஆவணங்கள், டூலிங் பதிவுகள் போன்றவற்றை, அந்தப் பாகம் உற்பத்திக்கோ சர்வீஸுக்கோ தேவைப்படும் காலம் முழுதும், அதற்கு மேல் ஒரு காலண்டர் ஆண்டும் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரோ சட்டமோ வேறு காலம் சொன்னால் அந்தக் காலம். டெஸ்பாட்ச் ஷீட்டின் ஒரு வரி அந்த வகை ஆவணம் இல்லை என்றாலும், ஆடிட்டர் வந்து பழைய ஆவணத்தைக் கேட்கும்போது எந்தப் பாகம் எப்போது எதனால் மாறியது என்று பிடித்துத் தருவது அந்த வரிதான்.

ஆகவே மாதக் கடைசியில் ஒரு நாள் ஒதுக்கி, எஃப் நெடுவரிசையில் "நீக்கம்" என்று பிரித்து, அந்த வரிகளைக் காப்பி செய்து "நீக்கியவை" என்ற தனி ஷீட்டில் பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் ஆக ஒட்டுங்கள். நிலை, ஆள், தேதி, காரணம் எல்லாம் கூடவே வர வேண்டும். எத்தனை வரிகள் இங்கிருந்து எடுத்தீர்களோ அத்தனை வரிகள் அங்கே சேர்ந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே நடப்பு ஷீட்டிலிருந்து எடுங்கள். "நீக்கியவை" ஷீட்டில் கோடு வேண்டாம். அங்கே இருப்பதெல்லாம் நீக்கியவைதான், எண்கள் தெளிவாகப் படிக்கும்படி இருக்கட்டும். ரிவ்யூ பட்டையில் ப்ரொடெக்ட் ஷீட் கொடுத்து பாஸ்வேர்டை ஸ்டோர்ஸ் பொறுப்பாளரிடம் வையுங்கள். நடப்பு ஷீட்டையும் அதேபோல் பூட்டலாம். பூட்டும் முன் டி, எஃப், ஜி, எச் நெடுவரிசைகளையும், புதிய பாகங்களுக்காகக் கீழே காலியாக உள்ள வரிகளையும் தேர்ந்து, ஃபார்மட் செல்ஸ் பெட்டியின் ப்ரொடெக்ஷன் தாவலில் லாக்ட் குறியை எடுத்துவிடுங்கள். ப்ரொடெக்ட் ஷீட் பெட்டியில் ஃபார்மட் செல்ஸ் என்ற அனுமதியைக் கொடுக்காமல் விட்டால், நிலையை மாற்ற எல்லோராலும் முடியும், கையால் கோடு போட யாராலும் முடியாது.